செல்லுபடி

திருப்போரூரில் செல்போன் கடைப் பையன் என்னிடம் முதலில் கேட்டது, 'யாருக்கு சார்?' என்று. அக்காவுக்கு என்றேன். அடுத்து, 'என்ன யூஸ்?' என்றான். இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. படம் பார்ப்பாங்களா, பணம் அனுப்புவாங்களா, வீடியோவில் பேசுவாங்களா என்று அவனே அடுக்கிக்கொண்டு போனான். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். 'அப்ப பேச மட்டும்' என்று முடிவு கட்டினான். அதுவும் முழுக்கச் சரியில்லை. ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கும் கடையில், ஒருவரின் வாழ்க்கையில் டெலிபோனுக்கு என்ன ஸ்தானம் என்பதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆமாம், பேச மட்டும் என்றேன்.

இது 2025 ஜனவரியில். அக்காவுக்கு அப்போது 78 வயது. நெம்மேலியில் தனியாக இருக்கிறாள். மாமா அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். பிள்ளை இல்லை. மாமா போன பிறகு வேளச்சேரிக்கு என்னோடு வந்துவிடச் சொன்னேன். ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு, 'இங்கே சத்தம் போதலை' என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள். அவள் குறிப்பிட்டது கடல் சத்தம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. இந்தக் குறுகலான மணல் பட்டையில் ஓட்டு வீடு ஒன்று, கிணறு, ஒரு வேப்பமரம். ஊரை ஒட்டி 2013இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் பக்கத்திலேயே இன்னொன்று, 15 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் குழாய் வழியாகத் தென்சென்னைக்கு வருகிறது. அக்கா ஊர்க் கடலைத்தான் நான் வேளச்சேரியில் குடிக்கிறேன். இவ்வளவு தூரம் தண்ணீர் தவறாமல் வந்துகொண்டிருக்கும்போது ஒரு மணியோசை வராமல் போகும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மணியோசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று. கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அந்த வருஷமே சென்னைக்கும் வந்துவிட்டது. அப்போது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். கூப்பிடுகிறவர் மட்டுமல்ல, கூப்பிடப்படுகிறவரும் தர வேண்டும். ஒருவர் நம்மை நினைத்துக்கொண்டதற்கு நாம் பணம் கட்டுவது என்பது அன்று விசித்திரமாகப் படவில்லை. செல்போன் வைத்திருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். 2003 மே மாதம், கூப்பிடுகிறவரே முழுக் கட்டணமும் தரும் முறை வந்தது. அதற்குப் பிறகுதான் செல்போன் கொத்தனார் கைக்கும் மீன்காரம்மா கைக்கும் போயிற்று என்று நினைக்கிறேன். கேட்பது இலவசம் என்று ஆன பிறகு.

அக்காவுக்கு 2007இல் ஒரு நோக்கியா வாங்கிக் கொடுத்தேன். தலையில் டார்ச் விளக்கு வைத்தது. பாட்டரியைக் கழற்றினால் உள்ளே 'மேட் இன் இந்தியா' என்றிருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியிருந்தது. அப்போது நெம்மேலியும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். அக்கா அதை 'நம்ம ஜில்லா போன்' என்றே சொல்வாள். அந்தத் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. நெம்மேலி 2019இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்டது. போன் மட்டும் இருந்தது.

போன் வந்த முதல் வாரத்திலேயே அவள் ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். தினமும் இரவு எட்டு மணிக்கு என் எண்ணுக்குப் போட்டு, ஒரு மணி அடித்ததும் வைத்துவிடுவாள். நலமாயிருக்கிறேன் என்று அர்த்தம். நான் திருப்பி ஒரு மணி அடிக்க வேண்டும். தெரிந்துகொண்டேன் என்று அர்த்தம். பேச்சு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மணிக்கும் காலணா செலவில்லை. தேசம் முழுவதும் அந்த நாட்களில் இப்படி ஒரு மௌன பாஷை புழக்கத்தில் இருந்தது. மிஸ்டு கால் என்ற அதன் பெயர் தவறானது. அது தவறிய அழைப்பல்ல. எடுக்கக்கூடாது என்பதே அதன் இலக்கணம்.

இதில் இன்னொரு சூட்சுமம். அக்கா எட்டு மணிக்கு டிரான்சிஸ்டரில் சென்னை வானொலி வைத்திருப்பாள். போன் பக்கத்தில் இருக்கும். என் மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் டிரான்சிஸ்டர் கர்ர் கர்ர் என்று உறுமும். அந்தத் தலைமுறைப் போன்கள் விட்டுவிட்டு, விநாடிக்கு 217 துடிப்பு வீதம் அலையை அனுப்பும். பக்கத்திலிருக்கும் ஒலிபெருக்கி அதைப் பிடித்துக்கொண்டு இரையும். காரணம் இவ்வளவுதான். அக்கா காரணம் கேட்டதில்லை. 'நீ நம்பரைப் போடும்போதே ரேடியோவுக்குத் தெரிஞ்சிடுது' என்பாள்.

பதினைந்து வருஷம் இது நடந்தது. இதற்குள் வெளியே எத்தனையோ நடந்தன. 2006ஐ ஒட்டி, சுமார் ஆயிரம் ரூபாய்க்கு 'ஆயுள் முழுக்க' செல்லுபடி என்று நிறுவனங்கள் விற்றன. யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை. 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம் என்று தேசம் முழுக்க விதி வந்தது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் எண்ணைத் தூக்கிக்கொண்டு வேறு வாசல் தேடினார்கள். அதே வருஷக் கடைசியில் பெரிய நிறுவனங்கள் சில, 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாயாவது போட வேண்டும், இல்லையென்றால் முதலில் வெளியே போகும் அழைப்பும் பிறகு உள்ளே வரும் அழைப்பும் நிற்கும் என்றன. பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர்களால் லாபமில்லை என்பது காரணம். வியாபாரத்தில் நியாயமான காரணம்தான். ஆனால் 2003இல் நமக்குக் கிடைத்தது அன்றைக்குச் சத்தமில்லாமல் திரும்பப் போயிற்று. காலணா செலவில்லாத எங்கள் இரண்டு மணிக்கும் அன்றிலிருந்து வாடகை.

அந்தத் தொகையை வேளச்சேரியிலிருந்து நான் போட்டுவந்தேன். அக்காவின் எண் என் பெயரில்தான் இருந்தது.

36 வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பத்தியும் கூட்டலும் பேரேடும் என் கையெழுத்தைவிட எனக்குப் பழக்கமானவை. 2022 நவம்பர் 10ஆம் தேதி அக்காவின் எண்ணுக்குப் பணம் போட்டேன். அடுத்தது டிசம்பர் 10 என்று டைரியில் குறித்துக்கொண்டேன். நிறுவனம் எங்குமே மாதம் என்று சொல்லவில்லை, 28 நாள் என்றுதான் எழுதியிருந்தது. மாதம் என்று படித்தது நான். நவம்பர் 10லிருந்து 28 நாள் டிசம்பர் 7 இரவோடு முடிகிறது. 28 நாள் மாதமென்றால் வருஷத்துக்கு 13 மாதம். கம்பெனிக்கு ஒரு பஞ்சாங்கம், நமக்கு ஒரு பஞ்சாங்கம். இந்த வித்தியாசத்தைப் பலரும் முறையிட்டு, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று ட்ராய் அந்த வருஷம் ஜனவரியிலேயே உத்தரவிட்டிருந்தது. நான் விசாரிக்கவில்லை. இதற்கு முந்தைய மாதங்களில் இரண்டொரு நாள் முன்பின்னாக ஏதோ ஒரு வாக்கில் போட்டுச் சரியாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. மாண்டஸ் புயல் அன்றிரவு மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அப்படியே கடந்தது. நள்ளிரவையொட்டி, மணிக்கு 65லிருந்து 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, இடையிடையே 85. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே நெம்மேலி.

எட்டு மணிக்கு அக்காவின் மணி வரவில்லை. சில நாள் பத்து நிமிஷம் தாமதமாகும். எட்டரைக்கு வேளச்சேரியில் மின்சாரம் நின்றது. மெழுகுவர்த்தி தேடினேன். ஒன்பதுக்கு நான் போட்டேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று பதில் வந்தது. டவர் போயிருக்கும் என்று நினைத்தேன். புயலில் டவர் போவது சகஜம். மின்சாரம் போனால் பாட்டரி, அது தீர்ந்தால் டீசல், அதுவும் இல்லையென்றால் மௌனம். பன்னிரண்டு வரை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தூங்கினேன். இதை எழுதத்தான் வேண்டும். தூங்கினேன்.

காலையில் சாலையில் கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, வேப்பமரம் சமையலறைமேல் சாய்ந்திருந்தது. ஓடுகள் உள்ளே விழுந்து நொறுங்கி, அடுப்பு தெரியவில்லை. அக்கா வாசல் திண்ணையில் உட்கார்ந்து அரிசியில் நனைந்ததை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. மரம் விழுந்தபோது முன்னறையில் இருந்திருக்கிறாள்.

'நேத்து எட்டு மணிக்கு ஏன் மணி அடிக்கலை?' என்றேன். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

'அடிச்சேண்டா. ஒரு பொண்ணு பேசினா.'

'எந்தப் பொண்ணு?'

'என்னமோ முடிஞ்சுபோச்சுன்னு சொன்னா. நாலு வாட்டி போட்டேன். நாலு வாட்டியும் அவதான் எடுத்தா. மரியாதையாத்தான் பேசினா.'

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெண் பேச வேண்டுமானால் டவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு டவர் இருந்திருக்கிறது. காற்றின்மேல் நான் இரவு முழுக்கப் போட்டுவைத்த பழியை ஒரே வாக்கியத்தில் அக்கா எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள், கொடுப்பது இன்னதென்று தெரியாமல்.

பிறகு மீதியும் தெரிந்தது. குப்பத்து ஜனங்கள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்கள். மீன் கொண்டுவரும் அம்மாள் அக்காவையும் கூப்பிட்டிருக்கிறாள். 'தம்பியைக் கேட்டுட்டு வரேன்' என்று சொல்லியிருக்கிறாள் அக்கா. அதைக் கேட்கத்தான் எட்டு மணிக்குப் போட்டிருக்கிறாள். அன்று ஒரு மணியோடு வைப்பதாக இல்லை. பேசுவதாக இருந்திருக்கிறாள். 'சரி, அப்புறமாவது நீ போயிருக்கலாமே' என்றேன். 'நீ போன் பண்ணினா?' என்றாள். அதையும் இதையும் போட்டுப் பார்த்துக்கொண்டு, ரேடியோ உறுமுகிறதா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

டைரியில் மூன்று நாள் பிசகிவிட்டது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகைக்கு நெம்மேலியில் சந்தாதாரர் இல்லை என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

ஆகையால் 2025 ஜனவரியில், உப்புக் காற்று தின்று நோக்கியாவின் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ஊமையாகிப்போன பிறகு, கடைப் பையன் 'என்ன யூஸ்?' என்று கேட்டபோது எனக்கு இவ்வளவும் ஞாபகத்துக்கு வந்தது. பேச அல்ல. கேட்கக்கூட அல்ல. கூப்பிட்டால் எட்டும் தூரத்தில் இருக்க. இதற்கென்று ஒரு திட்டம் விற்கிறார்களா என்று தெரியவில்லை.

அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினேன். தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததுபோல் ஒரு காரியமாக இல்லை, மூன்றாக இருந்தது. அவை ஒன்றை ஒன்று கட்டிப் போட்டிருந்தன. பொத்தான் போனில் இரண்டு ஜாதி. பழைய 2ஜி, புதிய 4ஜி. 2ஜி அலை வைத்திராத நிறுவனத்தின் சிம்மை 2ஜி போனில் போட்டால் வெறும் தகடு. 2ஜி போன் விலை குறைவு, பாட்டரி நாலு நாள் வரும். ஆனால் அந்த அலையே இன்னும் எத்தனை வருஷம் என்று பையனுக்கும் சந்தேகம். தொடுதிரைப் போனை நான் முதலிலேயே விலக்கிவிட்டேன். அக்காவின் விரல்கள் வறண்டவை, நடுங்குகிறவை. ஒரு பொத்தான் அழுந்துவது விரலுக்குத் தெரிய வேண்டும். கண் சரியாக இல்லாதவர்களுக்கு அதுதான் எழுத்து.

எந்த நிறுவனம் என்பதை விளம்பரத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. சாலையில் நன்றாகக் கிடைக்கிற சிக்னல் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் நொண்டுகிறது. அக்காவுக்கு மீன் தரும் அம்மாளின் புருஷரிடம் கேட்டேன். பைபர் போட்டில் போகிறவர். அவர் யோசிக்கவேயில்லை. 'கரைலேர்ந்து போவப் போவ ஒவ்வொண்ணா செத்துக்கினே வரும் சார். எது கடைசியா சாவுதோ அத்த வாங்கிக் குடுங்க.' டெலிபோனைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கறாரான அளவுகோல் கிடையாது. 2ஜி அலைக்குக் கணக்குப்படி 35 கிலோமீட்டர் எல்லை. கடலில் அது கணக்குப்படி நடப்பதில்லை. ஆனால் எது முந்திச் சாகிறது என்பது தினமும் போகிறவருக்குத் தெரியும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். கேரளத்தில் மத்தி பிடிப்பவர்களைப் பற்றி ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதாரவாதி 2007இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. 1997லிருந்து 2001க்குள் அந்தக் கரையில் செல்போன் வந்தது. படகிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு அங்கே போனார்கள். விற்காமல் கொட்டிய மீன் கிட்டத்தட்ட இல்லாமல் போயிற்று, லாபம் கூடியது, வாங்குகிறவனுக்கு விலையும் கொஞ்சம் இறங்கியது. அதுபோல நீங்களும் விலை கேட்பீர்களா என்றேன். 'வெல பேசறது கரைல சார். நாங்க வூட்டுக்குத்தான் போடுவோம். வந்துனுகிறோம்னு.' ஒரு மணி அடித்து வைத்துவிடுவார்களாம். ஆய்வில் இந்த வரவு எந்தப் பத்தியிலும் ஏறியிருக்காது.

அவர் சொன்ன நிறுவனம் விலையில் மலிவானதல்ல. ஆனாலும் 1900க்கு ஒரு செய்தி அனுப்பி, குறியீட்டு எண் வாங்கி, அக்காவின் எண்ணை அங்கே மாற்றினேன். அதற்கேற்ற 4ஜி பொத்தான் போன் ஒன்று. மிஞ்சியது திட்டம்.

கடையில் தொங்கிய அட்டையில் பெரும்பாலும் நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி, 'வரம்பற்ற' பேச்சு என்றிருந்தது. இரவு ஒரு மணி அடித்து வைக்கிறவளுக்கு வரம்பற்ற பேச்சு. இணையம் வேண்டாதவர்களும் இணையத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டுவதுதான் அதுவரை வழக்கமாக இருந்தது. 2024 டிசம்பரில் ட்ராய், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் தனியே இருக்க வேண்டும், அவை 365 நாள் வரை செல்லலாம் என்று விதித்திருந்தது. பையன் அட்டையில் தேடி எடுத்தான். ஏறக்குறைய 1850 ரூபாய், 365 நாள். 'ஒரு வருஷத்துக்குப் போட்டுடலாமா சார்? ஞாபகம் வெச்சிக்கவே வேணாம்.'

நான் தயங்கியது தொகைக்காக அல்ல. 28 நாள் திட்டம் என்றால் வருஷத்தில் 13 தடவை அவளை நினைத்தாக வேண்டும். இது ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். மறந்ததற்குப் பரிகாரமாக, இனி நினைக்கவே வேண்டாத ஏற்பாட்டை வாங்குகிறேனா என்று பட்டது. பையன் விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். தவறு செய்தவனுக்கு இந்த மாதிரி நுட்பங்கள் உரியவையல்ல. போடச் சொன்னேன்.

அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். டார்ச் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. எத்தனை நாளைக்கு என்றாள்.

'ஒரு வருஷம்.'

'ஒரு வருஷமா? நடுவுல நான் போயிட்டா மிச்சத்தைத் திருப்பித் தருவானா?'

'தரமாட்டான்.'

'அப்ப இருக்க வேண்டியதுதான்' என்று சொல்லிவிட்டுப் போனை டிரான்சிஸ்டர் பக்கத்தில் வைத்தாள்.

அன்றிரவு நெம்மேலியிலேயே தங்கினேன். எட்டு மணிக்கு வாசலுக்குப் போய் நின்றுகொண்டு அவள் எண்ணைப் போட்டேன். உள்ளே வானொலி எந்த இரைச்சலும் இல்லாமல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. போன் திடீரென்று அடித்தது. அக்கா திடுக்கிட்டு எழுந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. புது அலை ரேடியோவைத் தொடுவதில்லை. 'இது சொல்லாமக் கொள்ளாம அடிக்குது' என்றாள் பிறகு.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், தினமும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், காசு கிடையாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் வேளச்சேரிக்குத் திரும்பினேன். எட்டு மணி மூன்று நிமிஷத்துக்கு என் போன் ஒரு தடவை அடித்து நின்றது. நான் ஒரு தடவை அடித்து வைத்தேன். பிறகு டைரியை எடுத்து, 365ஆம் நாள் எந்தத் தேதி என்று எண்ணினேன். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை எண்ணினேன்.